வயதான நாய் பின்புறத்தைத் தரையில் தேய்க்கிறது: தக்கலை வாசகிக்குப் பதில்

கேள்வி: எங்கள் அப்புவுக்கு 12 வயது. பொமரேனியன், ஆண், கருத்தடை செய்யவில்லை. எடை 9 கிலோ. நாலைந்து மாதமாகப் பின்புறத்தைத் தரையில் வைத்து இழுத்துக்கொண்டே போகிறான். உட்கார்ந்த இடமெல்லாம் அழுகிய மீன் நாற்றம். கண்ட மீனையும் போட்டால் நாறாமல் என்ன செய்யும் என்று மாமியார் திட்டுகிறார். பூச்சி மருந்து இரண்டு முறை கொடுத்தாயிற்று. முடி வெட்ட வருகிற தம்பி மாதம் ஒருமுறை ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருக்கிற பையைப் பிதுக்கி விடுவார். முன்பெல்லாம் அதோடு சரியாகிவிடும், இப்போது பத்து நாளில் மறுபடி தொடங்கிவிடுகிறது. போன வாரம் பிதுக்கியபோது ரத்தம் கலந்து வந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுகிறோம். பிதுக்குவதை நானே பழகிக்கொள்ளலாமா? பையையே எடுத்துவிடலாம் என்கிறார்களே, இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்குவானா? சாப்பாடு சோறும் சாளை மீன் குழம்பும்தான். வெயிலுக்குத் தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறான்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. இந்த வாரத்துக்குள் அப்புவை ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முடி வெட்டும் தம்பி உட்பட யாரும் அங்கே பிதுக்க வேண்டாம். இப்படி அவசரப்படுத்தக் காரணம் ரத்தம் மட்டுமல்ல. கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, தண்ணீர் நிறையக் குடிக்கிறான் என்று, அதுவும்தான்.

நாயின் ஆசனவாய்க்குக் கீழ்ப்பக்கமாக, இடமும் வலமும் தோலுக்கு அடியில் இரண்டு சிறிய பைகள் இருக்கின்றன. கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால் நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நேரான இடம். பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் கெட்ட வாடையுள்ள ஒரு திரவத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆசனவாயைச் சுற்றியுள்ள தசைகளுக்கு நடுவில்தான் பைகள் அமைந்திருக்கின்றன. நாய் வெளிக்குப் போகும்போது கெட்டியான மலம் உள்ளிருந்து அழுத்த, தசையும் சுருங்க, திரவம் மெல்லிய குழாய் வழியாக வெளியே வந்துவிடும். நாய்கள் ஒன்றையொன்று பின்னால் மோந்து பார்த்து அடையாளம் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த வாடையை வைத்துத்தான். பெரும்பாலான நாய்களுக்கு ஆயுள் முழுக்க யாரும் இதைத் தொடவே தேவையில்லை.

வயதானால் இந்த ஏற்பாடு தளர்ந்துபோகிறது. தசை வலுவிழக்கும். இடுப்பு, முழங்கால் மூட்டில் தேய்மானம் இருந்தால் சரியாகக் குந்தி உட்கார்ந்து முக்க முடியாது. உடம்பில் கொழுப்பு கூடினால் பை அதற்குள் புதைந்து, அழுத்தம் சரியாகக் கிடைக்காது. மலம் எப்போதும் இளகியே போனாலும் அப்படித்தான். திரவம் தேங்கிக் களிபோலக் கெட்டியாகும், குழாய் அடைபடும், அப்புறம் கிருமி சேர்ந்து வீங்கும், சீழ் பிடிக்கும், கவனிக்காமல் விட்டால் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே உடையும். பொமரேனியன் வகையில் எடை பெரும்பாலும் 9 கிலோவுக்குக் குறைவாகத்தான் இருக்கும். அப்புவின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்படாவிட்டால் கொழுப்பும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மீன் நாற்றத்துக்கு மீன் காரணமல்ல. மீனையே கண்ணில் காணாத சைவ வீட்டு நாய்க்கும் இந்தப் பை கசிந்தால் அதே வாடைதான் வரும். இதை மாமியாரிடம் சொல்லுங்கள். சாளையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பூச்சி மருந்து கொடுத்தது தவறில்லை. நாடாப்புழு இருந்தாலும் நாய் இப்படித் தேய்க்கும். அதன் துண்டுகள் மலத்திலோ பின்புற முடியிலோ அரிசி மணிபோல ஒட்டியிருக்கும். ஆனால் எல்லாப் பூச்சி மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது. அட்டையில் பிராசிகுவான்டல் என்ற மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் புழுவை நாய்க்குக் கொண்டுவருவது தெள்ளு. நாய் கடித்துச் சொறியும்போது தெள்ளை விழுங்கிவிடும், அதற்குள் இருக்கும் புழுக்குஞ்சு குடலில் வளரும். தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் பழைய கதைதான். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் ஈரம் குறைகிற மாதங்கள் குறைவு, தெள்ளும் உண்ணியும் வருடம் முழுக்க இருக்கும். வாலடியையே திரும்பத் திரும்பக் கடிக்கிறான், முதுகின் பின்பாதியில் முடி கொட்டியிருக்கிறது என்றால் தெள்ளுக்கடி ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

அப்புவைப் பற்றி எனக்கு இருக்கிற கவலை வேறு. இத்தனை மாதத்தில் அந்தப் பை பலமுறை பிதுக்கப்பட்டிருக்கிறது. அது ஏன் நிரம்புகிறது என்று யாராவது பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. மூன்று நான்கு வாரம்கூடத் தாங்காமல் மறுபடி நிரம்புகிறது என்றால் பிதுக்குவதால் தீராத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. இளம் நாயில் அது பெரும்பாலும் தோல் ஒவ்வாமையாகவோ, உணவு ஒத்துக்கொள்ளாததாகவோ, சுரப்பி அழற்சியாகவோ இருக்கும். 12 வயதில் இவற்றோடு இன்னொன்றையும் நினைத்தாக வேண்டும்: பையின் சுவரில் தோன்றும் புற்றுநோய்க் கட்டி. இது அதிகம் வருவது பத்து வயதையொட்டிய, அதைத் தாண்டிய நாய்களுக்கு. பொதுவாக ஒரு பக்கத்தில்தான் வரும். பட்டாணி அளவு இருக்கும்போது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலுக்கு மட்டுமே தட்டுப்படும். கட்டி அவ்வளவு சிறியதாக இருக்கும்போதே இடுப்புக்குள் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருப்பதும் உண்டு. கணு வீங்கி மலக்குடலை அழுத்தினால் நாய் முக்கிமுக்கிப் போகும், மலம் பட்டையாக, நாடாபோல வரும்.

தண்ணீருக்கு வருகிறேன். இந்தக் கட்டிகளில் ஒரு பகுதி, ரத்தத்தில் கால்சியத்தை உயர்த்தும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. கால்சியம் உயர்ந்தால் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. நாய் நிறைய மூத்திரம் போகும், அதை ஈடுகட்ட நிறையக் குடிக்கும். கூடவே சோர்வு, பசியின்மை, மலச்சிக்கல், பின்காலில் தளர்ச்சி எல்லாம் வரும். பார்க்கிறவர்களுக்கு வயசாகிவிட்டது, வெயில் என்றுதான் தோன்றும். நாள்பட்டால் சிறுநீரகமே கெட்டுப்போகும். அப்புவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு எல்லாமே முதிய நாய்க்குத் தாகத்தைக் கூட்டும். அரிப்புக்காக யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் அதனாலும் கூடும். இவற்றில் எது என்று ரத்தமும் மூத்திரமும்தான் சொல்ல முடியும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, அளப்பது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வைத்து, அதிலிருந்து மட்டுமே கிண்ணத்தில் ஊற்றுங்கள். மறுநாள் காலையில் மீதியையும் கிண்ணத்தில் கிடப்பதையும் கழித்தால் கணக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நாள் அளந்தால் போதும். கிலோவுக்கு 50, 60 மில்லி என்பது சாதாரணம், அப்படியானால் அப்புவுக்கு அரை லிட்டர். வெயில் நாளில் கொஞ்சம் கூடலாம். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது அவன் நாளைக்கு 900 மில்லிக்கு மேல் குடித்தால், அதை வெயில் கணக்கில் எழுதக் கூடாது. முன்பு ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டிருந்தவன் இப்போது வீட்டுக்குள் போய்விடுகிறானா என்றும் கவனியுங்கள். அளந்து முடியட்டும் என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். குடிக்கிறான் என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம், அது ஆபத்து.

கால் தள்ளாடுகிற கிழநாய்க்குக் கடையில் கால்சியம் சிரப் வாங்கி ஊற்றுகிற வழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அப்புவுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை நிறுத்திவிடுங்கள்.

மருத்துவர் செய்யும் சோதனை சில நிமிட வேலைதான். கையுறை போட்டு, வழுக்கலுக்கு ஜெல் தடவி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, வெளியில் இருக்கும் கட்டைவிரலோடு சேர்த்துப் பையைத் தடவிப் பார்ப்பார். வலி அதிகமென்றால் லேசாக மயங்க ஓர் ஊசி போடுவார். இதில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பை காலியான பிறகும் அங்கே கட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? வெறும் அடைப்பாக இருந்தால் காலியானதும் பை சுருங்கிக் கைக்கே தெரியாது. காலியான பிறகும் கெட்டியாக நின்றால் ஊசியால் செல் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், வயிற்றை ஸ்கேன் செய்து கணுக்களைப் பார்க்க வேண்டும்.

அப்பு கருத்தடை செய்யாத ஆண் என்பதால் அதே விரல் சோதனையில் இன்னும் சிலவும் தெரிந்துவிடும். புராஸ்டேட் சுரப்பி வீங்கி மலக்குடலை மேலே தள்ளுகிறதா என்று தெரியும். ஆசனவாயின் ஓரத் தோலில் ஆண் ஹார்மோனால் வளரும் வேறொரு வகைக் கட்டி உண்டு. அது பெரும்பாலும் தீங்கற்றது, விதை நீக்கினால் பல நாய்களில் தானே சுருங்கிவிடும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் மெத்தென்று ஒரு வீக்கம் இருந்தால் குடலிறக்கமாகவும் இருக்கலாம், அதுவும் கிழட்டு ஆண் நாய்களுக்கு வருவதுதான். இவற்றில் எதையும் பை நிரம்பிவிட்டது என்று நினைத்துப் பிதுக்கக் கூடாது.

நீங்கள் தக்கலையில் இருப்பதால் விரல் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் பக்கத்திலேயே, அல்லது நாகர்கோவிலில் முடிந்துவிடும். நாய் பார்க்கிற எந்த மருத்துவரும் இதைச் செய்வார், நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேன், அறுவை என்று போக வேண்டியிருந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டம்.

கட்டி ஒன்றும் இல்லை, அழற்சிதான் என்று தெரிந்தால் நிம்மதி. அப்போதும் பிதுக்கிவிட்டு அனுப்பினால் போதாது. மயக்கத்தில் வைத்துப் பையை உப்பு நீரால் கழுவி, உள்ளேயே மருந்து நிரப்பி விடுவார்கள். ஒருமுறையில் தீராமல் இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். சீழ் பிடித்திருந்தால் திறந்து வடிய விட்டு, ஆன்டிபயாட்டிக்கும் வலி மருந்தும் கொடுப்பார்கள். மாத்திரையைச் சொன்ன நாள்வரை முழுசாகக் கொடுங்கள், நாற்றம் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

நானே பிதுக்கப் பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ரத்தம் வருகிற, வலிக்கிற பையை வெளியிலிருந்து அழுத்தினால் குழாய் இன்னும் வீங்கும், உள்ளேயே உடையவும் கூடும். நல்ல பையைக்கூட வாடிக்கையாகப் பிதுக்கினால் புண்ணாகும். குளிப்பாட்டும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் செய்வது எந்த நாய்க்கும் தேவையில்லாத வேலை. முடி வெட்டும் தம்பி நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார், அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்து, புண் ஆறி, அதன் பிறகும் அடிக்கடி நிரம்பினால், உங்கள் மருத்துவரே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கட்டும். வெளியே வரும் திரவத்தின் நிறத்தை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான நாயிலும் அது மஞ்சளாகவோ பழுப்பாகவோ, நீராகவோ குழம்பாகவோ இருக்கும். ரத்தமும் சீழும் வலியும்தான் கெட்ட அறிகுறி.

பையை எடுப்பதைப் பற்றி: கட்டி என்றால் அறுவைதான் முதல் வழி. சின்னதாக இருக்கும்போதே எடுத்த நாய்கள் பல, ஒரு வருடத்துக்கு மேல், சில அதற்கும் அதிகமாக, நன்றாகவே வாழ்கின்றன. கட்டி இல்லையென்றால் கழுவல், உணவு மாற்றம், எடைக் குறைப்பு எல்லாம் செய்து பார்த்தும் தீராதபோது மட்டும் எடுக்கலாம். மலத்தை அடக்கும் தசையும் நரம்பும் பையை ஒட்டியே போகின்றன. அவை காயப்பட்டால் சில காலத்துக்கு, அபூர்வமாக நிரந்தரமாகவே, மலம் தானாக ஒழுகும். அதனால் இந்த அறுவையைச் செய்து பழகியவரிடம்தான் போக வேண்டும், அழற்சி அடங்கிய பிறகுதான் செய்ய வேண்டும்.

12 வயது என்பதற்காக மட்டும் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது என்றில்லை. சிறுநீரகம், ஈரல், இதயம் எப்படி இருக்கின்றன என்பதைத்தான் பார்ப்பார்கள். பொமரேனியனுக்கு வயதான காலத்தில் இதய வால்வு கசிவதும், மூச்சுக்குழாய் தளர்ந்து இருமல் வருவதும் உண்டு. அப்புவுக்கு ராத்திரியில் இருமல் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கால்சியம் உயர்ந்திருந்தால் முதலில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல உப்பு நீர் ஏற்றி அதைக் குறைத்துவிட்டுத்தான் மயக்கம் கொடுப்பார்கள். வயசாகிவிட்டது, இருக்கிறவரை இருக்கட்டும் என்று வீட்டில் யாராவது சொன்னால், உட்கார முடியாமல் வலிப்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். வலியைக் குறைக்க எந்த வயதிலும் வழி இருக்கிறது.

இனி சாளை. மீனை நிறுத்த வேண்டியதில்லை, குழம்பை நிறுத்துங்கள். மிளகாய், உப்பு, வெங்காயம், பூண்டு, அரைத்த தேங்காய் எல்லாம் சேர்ந்த குழம்பு நாய்க்கு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காரமும் கொழுப்பும் மலத்தை இளக்கும், மலம் இளகினால் பை காலியாகாது. சாளையை வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் நீக்கிக் கொடுத்தால் அவனுக்கு நல்லதுதான். சோற்றைப் பாதியாகக் குறைத்து, வேகவைத்த மஞ்சள் பூசணியும் பீன்ஸும் சேருங்கள். மரச்சீனி மசித்துப் போடுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள், எடைதான் ஏறும். நார்ச்சத்துக்கு இசப்கோல் அரைத் தேக்கரண்டியில் தொடங்கலாம், நிறையத் தண்ணீரில் ஊறவைத்துச் சோற்றில் கலந்து கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் பிடிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். நார்ச்சத்து எல்லா நாய்க்கும் பலன் தருவதில்லை, ஒன்றரை இரண்டு மாதம் பார்க்கலாம். காதுக்குள்ளும் பாதத்திலும்கூட அரிப்பு இருந்தால் உணவு ஒவ்வாமைக்கான தனிச் சோதனை உணவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வேண்டாம். அவை பைக்குள் போகாது, அவன் நக்கி விழுங்குவதுதான் மிச்சம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை, முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை. அழுத்தக் கூடாது. பின்புற முடியைக் கத்தரித்துச் சுத்தமாக வையுங்கள். நக்கிக்கொண்டே இருந்தால் கழுத்தில் கூம்புப் பட்டை போடுங்கள். வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், புரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஆகிற வலி மாத்திரை நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

ஒத்தடம் கொடுக்கும்போது வாயைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், மூச்சு இரைத்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். வலியில் இருக்கிற நாய் வளர்த்த கையையும் கடிக்கும். கடித்துவிட்டால் நம் அப்புதானே என்று விடாமல், கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆசனவாய்க்குப் பக்கத்தில் சிவந்து வீங்கினாலோ, ஓட்டை விழுந்து சீழும் ரத்தமும் வடிந்தாலோ, அன்றைக்கே போக வேண்டும். வேறு நாய் கடித்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள், ஒரே நாளில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடுகிறது. அதில் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவதைப்போலக் கொடுமை வேறில்லை. வாந்தி, சாப்பிட மறுப்பது, இரண்டு நாளாக மலம் போகாமல் முக்குவது, இவற்றில் ஏதாவது வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை மூன்றும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஈரல் பரிசோதனையையும் சேர்த்துவிட்டால் அறுவைக்கும் பயன்படும். மூத்திரப் பரிசோதனைக்குக் காலையில் முதலில் போவதைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு போங்கள். தாள் கையில் கிடைத்ததும் அந்த எண்களையும், அளந்த தண்ணீர்க் கணக்கையும், விரல் விட்டுப் பார்த்தபோது என்ன தட்டுப்பட்டது என்று மருத்துவர் சொன்னதையும் எனக்கு எழுதுங்கள். அறுவை வேண்டுமா வேண்டாமா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு பேசலாம்.